பாப்பியோன் என்பவர் அல்லது என்பது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் கடைக் கதவில் ஒட்டிய ஒரு காகிதத்திலிருந்து வந்தது. ஒட்டியவன் நான். பசைகூட நான் காய்ச்சியதுதான், மைதா மாவில். ஆகவே பிறகு நடந்த குழப்பத்தில் எனக்கும் ஒரு கரண்டி பங்கு உண்டு.

சிலுவெட் தீவில் படகை விட்டு இறங்கினால் முதலில் ஆமைகள் வரும், அடுத்து என் மாமாவின் கடை வரும். பின்கட்டில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பனி பெய்யும் தேசத்து நாவல்களைத் தமிழில் படிப்பதுதான் என் முழுநேர வேலை. இடையில் சாமான் கொடுப்பேன். அந்த நாவல்களில் ஒருவர் ஒரு முடிவுக்கு வர ஐந்நூறு பக்கம் ஆகும். எங்கள் தீவில் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டு, ஐந்நூறு நாள் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

காகிதத்தை எழுதியவர் டாக்டர் கைசா. வடக்கே வெகுதூரத்திலிருந்து வந்த பூச்சி ஆராய்ச்சிக்காரர். எங்கள் கிரியோல் மொழியைப் புத்தகத்தில் கற்றவர். அதனால் பிழை இல்லாமல் எழுதியிருந்தார், பிரச்சினையே அதுதான்.

"பாப்பியோனைத் தேடுகிறோம். சின்ன உருவம். பழுப்பு நிறம். பகலெல்லாம் தூக்கம். மாலையானால் விளக்கு எரியும் வீடுகளைச் சுற்றும் பழக்கம். சிலுவெட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. கடைசியாகக் கண்ட வருடம் 1908. விவரம் தெரிந்தவர்கள் டாக்டர் கைசாவிடம் சொல்லவும்."

கிரியோலில் வண்ணத்துப்பூச்சிக்கும் பாப்பியோன்தான், இரவில் பறக்கும் பூச்சிக்கும் பாப்பியோன்தான். எங்கள் ஊரில் மட்டும் மூன்றாவதாக ஒருவருக்கும் அதே பெயர். கஸ்பார் லாரூ. தென்னை ஏறிக் கள் இறக்கியவர். (கள்ளை இங்கே கலூ என்கிறார்கள். காதுக்குச் சொந்தக்காரச் சொல்லாகத்தான் கேட்கிறது.) சின்ன உருவம், பழுப்பு நிறம், பகலெல்லாம் தூக்கம். மாலையானால் தன் வீட்டு விளக்கைத் தவிர ஊரில் எரியும் எல்லா விளக்கையும் சுற்றுவார். ஊர் வைத்த பெயர் பாப்பியோன். அப்போது அவர் இறந்து இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது.

காகிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் புன்னை மரத்தடி டோமினோ மேசையே கவிழ்ந்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டா? அப்போ அவன் பொறக்கவே இல்லையேடா!" என்றார் ஊருக்கே மாமாவான இலேர் மாமா. "மத்தபடி அங்க அடையாளம் எல்லாம் கரெக்ட்."

"வேற எங்கயும் கிடையாதுன்னு போட்டிருக்கே, அது சுத்தப் பொய்," என்றார் எதிரில் இருந்தவர். "ப்ராலேன் தீவுல ரெண்டு பேர் அச்சா அதே மூக்கோட திரியறானுங்க."

சிரிக்காதவள் ஒரே ஒருத்தி. பருப்பு வாங்க வந்த ரோசேலியா. கஸ்பார் லாரூவின் மகள். காகிதத்தை இரண்டு முறை படித்தாள். பருப்பை மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, ரோசேலியாவின் சமையலறைச் சுவரில் ஓர் அந்துப்பூச்சி வந்து உட்கா

வேண்டாம். அந்து என்றால் தமிழ் வாசகருக்கு அரிசிப் பானை ஞாபகம் வரும். முறத்தைத் தேடுவார்.

இரண்டாம் முயற்சி:

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, சமையலறைச் சுவரில் ஒரு விட்டில் வந்து

இதுவும் வேண்டாம். விட்டில் என்று சொன்னவுடனே விளக்கில் விழுந்து சாகப்போகிறது என்று தெரிந்துவிடும். முதல் வரியிலேயே முடிவைச் சொல்ல நான் என்ன இலேர் மாமாவா?

உண்மையான சிக்கல் பெயரில் இல்லை, வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. கிரியோலில் அவன், அவள், அவர், அது எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துதான்: 'இ'. இ வந்தாச்சு, இ உட்கார்ந்தாச்சு, இ சாப்பிடல. மனிதனா பூச்சியா என்று அந்த மொழி கேட்பதே இல்லை. தமிழ் அப்படி விடாது. எழுவாயை விழுங்கிவிடலாம், வினைமுற்றை விழுங்க முடியாது. வாக்கியத்தின் வாசலில் ஒரு காவலாளி நின்றுகொண்டு "உயர்திணையா, அஃறிணையா? சொல்லிவிட்டுப் போ" என்கிறான். நான்கு வருடமாக அந்த வாசலில் நிற்கிறேன்.

3

ஓக்தாவிடமிருந்து தொடங்கினால் வம்பில்லை. அவர் சந்தேகமில்லாமல் உயர்திணை.

ஓக்தாவ் எஸ்பரோன், ரோசேலியாவின் கணவர், மலைக்காட்டின் காவலர். டாக்டர் கைசாவின் திட்டத்தில்தான் அவருக்குச் சம்பளம். ஐந்து வருடமாக இருவரும் மலையில் வெள்ளைத் துணி கட்டி, பின்னால் விளக்கு வைத்து, வந்து மோதும் பூச்சிகளை எண்ணினார்கள். தேடியது மட்டும் வரவில்லை. நூறு வருடத்துக்கு முன் யாரோ பிடித்த ஒரே ஒரு பெண் பூச்சி, வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தி இருக்கிறது. கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும். ஊறிய தேயிலைத் தூளின் நிறம். இறகில் வெளுப்பாக ஒரு காற்புள்ளி. அவ்வளவுதான் உலகத்துக்குத் தெரியும்.

வியாழக்கிழமைப் படகில் டாக்டர் தன் ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் ஒரு பூச்சியாவது கிடைக்காவிட்டால் இனமே அழிந்துவிட்டது என்று எழுதி, திட்டத்தை மூடிவிடுவார்கள். ஓக்தாவ் மாஹே தீவுக்குப் போய் ஏதாவது ஹோட்டல் வாசலில் தொப்பி போட்டு நிற்கவேண்டும். தங்க இடம் மாமியார் வீடு. தொப்பியை அவர் தாங்கிக்கொள்வார்.

ஞாயிறு முதல் செவ்வாய் வரை மலையில் கூடாரம். ஒன்றும் கிடைக்கவில்லை. செவ்வாய் மத்தியானம் சேற்றுக் காலோடு வீட்டு வாசலில் வந்து நின்றவரிடம் ரோசேலியா மெல்லச் சொன்னாள்:

"காலைக் கழுவிட்டு உள்ள வா. பாப்பியோன் வந்தாச்சு."

ஓக்தாவ் எட்டிப் பார்த்தார். அடுப்புக்கு மேலே, நாள்காட்டிக்குப் பக்கத்தில், தேயிலை நிறத்தில், காற்புள்ளியோடு.

காலைக் கழுவவில்லை. வந்த வழியே ஓடினார், டாக்டரைக் கூட்டிவர.

[ஓடும்போது அவருக்கு ஒன்று தோன்றியிருக்கவேண்டும். சமையலறை மேசையில் விசேஷ நாளுக்கான துணி விரித்திருந்தது. கோப்பையில் காப்பி. தட்டில் தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழம். ரோசேலியா தனக்கு மட்டும் இவ்வளவு செய்துகொள்கிறவள் அல்ல. ஆனால் சந்தோஷத்தில் ஓடுகிறவன் மேசையைப் பார்ப்பதில்லை.]

4

பின்வரும் உரையாடல் கிரியோலில் இரண்டே நிமிடத்தில் நடந்து முடிந்தது. ஒரு வினைமுற்றிலும் மாட்டிக்கொள்ளாமல் இதைத் தமிழில் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பாராட்ட விரும்புகிறவர்கள் இங்கே நிறுத்திப் பாராட்டிவிட்டு மேலே போகலாம்.

"வந்து எவ்வளவு நேரம்?" டாக்டருக்கு மூச்சு வாங்கியது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம், மதாம். மழை கொட்டற நேரம். கதவுல லேசா ஒரு சத்தம். தயங்கித் தயங்கி."

"நீங்களே திறந்துவிட்டீங்களா?"

"இந்தத் தடவை நானேதான்."

"இந்தத் தடவையா?" டாக்டர் குறிப்பேட்டைத் திறந்தார். "அப்ப இதுக்கு முன்னாடியும் வந்தது உண்டா?"

"ஒரே ஒரு தடவை. இருபத்தேழு வருஷம் முன்னாடி. இதே மாதிரி மழை. அன்னிக்கு நான் திறக்கல."

டாக்டர் குறிப்பேட்டில் எழுதினார்: இருபத்தேழு வருடம் முன்பு, அதே வீடு, இன்னொரு பதிவு.

"சாப்பாடு ஏதாவது?"

"ஒரு மூடி கலூ வெச்சேன். தொடவே இல்ல. திருந்தியாச்சு போல."

"உடம்புல காயம் ஏதும்?"

"இடது கால் கொஞ்சம் அப்படித்தான். மரத்துலேருந்து விழுந்தது."

டாக்டர் உருப்பெருக்கியை எடுத்துச் சுவரருகே போனார். வெகுநேரம் பார்த்தார். "ஆமா. அஞ்சு கால்தான். இடது பக்கம் ஒண்ணு குறையுது. இவ்வளவு கூர்மையாப் பாத்திருக்கீங்களே!"

ஓக்தாவ் மனைவியைப் பார்த்தார். ஊசியில் நூல் கோக்கக்கூட அவரைக் கூப்பிடுகிறவள் அவள்.

[ஐந்து கால் என்பது ஓக்தாவ் எங்கள் கடையில் வைத்துச் சத்தியம் செய்து சொன்னது. டாக்டரின் குறிப்பேட்டை நான் பார்க்கவில்லை. பூச்சிகளுக்குக் கால் உதிர்வது சாதாரணம்தானாம். பயப்பட வேண்டியவர்கள் பயப்படலாம்.]

"கூட்டிட்டுப் போறதுக்கு ஆட்சேபம் இல்லையே?"

"எங்க?"

"எங்க ஊருக்கு. ஆணா பெண்ணான்னு பாக்கணும்."

மூன்று நாளில் முதல்முறையாக ரோசேலியா சிரித்தாள். "அதுல என்ன சந்தேகம், மதாம்? மூணு தீவுல சாட்சி இருக்கு."

"சாட்சி போதாது. வயித்தோட நுனியை அறுத்து, கண்ணாடிக்கு அடியில வெச்சுப் பாத்தாத்தான் உறுதி."

5

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. யாரும் இறக்கவில்லை.

ரோசேலியா தேங்காய்த் துருவியைக் கையில் எடுத்திருந்தாள்.

"எங்கப்பாவோட எதை அறுக்கப்போறே நீ?"

"உங்க அப்பாவா?" டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க இருக்காரு?"

ஓக்தாவ் சுவரைக் காட்டினார். காட்டும்போதுதான் அவருக்கும் புரிந்தது. மேசைத் துணி, காப்பி, வாழைப்பழம், எல்லாம்.

(எனக்கு இது வசதியான இடம். பெருமூச்சு விடுகிறேன். இனி ரோசேலியா 'அவர்' என்பாள், டாக்டர் 'அது' என்பார். ஓக்தாவ் யார் பக்கத்தில் நிற்கிறாரோ அதைப் பொறுத்து.)

கல்யாணமான புதிதில், ஒரு மழை மத்தியானம், மாமனார் அந்தக் கதவைத் தட்டியது ஓக்தாவுக்கு ஞாபகம் இருந்தது. வயதாகி, நனைந்து, எந்த வீட்டு விளக்கும் மிச்சமில்லாமல் வந்து நின்ற மனிதர். "திறக்காதே" என்றாள் ரோசேலியா. கொண்டியில் கை வைத்திருந்த ஓக்தாவ் கையை எடுத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் மாஹேயிலிருந்து சாவுச் செய்தி வந்தது. அதன்பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எங்கள் தீவில் ஐந்நூறு நாள் பேசாத ஒரே விஷயம் அதுதான்.

"ரோசி, ஒரு படம் மட்டும் எடுத்துக்கட்டும்," என்றார்.

"படம் போதாது," என்றார் டாக்டர். "இதே நிறத்துல நாப்பது வகை இருக்கு. உள்ள பாத்தாத்தான் வித்தியாசம்."

ரோசேலியா யோசித்தாள். அவள் அநியாயக்காரி அல்ல. "சரி. பெண்ணா இருந்தா எங்கப்பா இல்ல. தாராளமா எடுத்துட்டுப் போ."

"பெண்ணான்னு தெரியணும்னா அறுக்கணும்."

"அறுத்தப்புறம் ஆம்பளைன்னு தெரிஞ்சா?"

டாக்டர் உருப்பெருக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்போ மன்னிப்பு கேட்டுக்கலாம், ரோசி," என்றார் ஓக்தாவ். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அப்படியொரு பார்வையை அவர் வாங்கியதில்லை.

[சில பூச்சிகளில் மீசையைப் பார்த்தே ஆண் பெண் சொல்லிவிடலாமாம். இந்த வகையில் முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் நம்புகிறேன். கதைக்கு வசதியாக இருப்பதால் சற்று அதிகமாகவே நம்புகிறேன்.]

கடைசியில் ஓக்தாவ் தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார்: தானாகவே மாமியாருக்குப் போன் போட்டார். மதாம் செல்மீ. பாப்பியோனின் மனைவி. எண்பத்திரண்டு வயது, மாஹேயில் இருக்கிறார். போன் மேசைமேல், காப்பிக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில், ஒலிபெருக்கி முறையில்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் விசாரித்தார்:

"என்ன பண்றான்?"

"சும்மா சுவத்துல உக்காந்திருக்காரும்மா," என்றாள் ரோசேலியா.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா."

"சாயங்காலம்கூட வீட்டை விட்டு நகரலையா?"

"இல்லம்மா."

"அப்போ அது உங்கப்பன் இல்ல. போனை வை."

6

ஒரு பாத்திரத்தைப் பற்றி ஒப்புக்கொள்ளவேண்டும். முதல் வரைவில் டாக்டர் கைசாவை வில்லியாக எழுதியிருந்தேன். குளிர்ந்த கண்கள், மெல்லிய உதடு, கையில் கத்தி. படித்துப் பார்த்தபோது அது நான் மூட்டைமேல் படித்த யாரோ. உண்மையான டாக்டர் ஆமைகளுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு போகிறவர். கருவாடு வாங்கினால் அழுவார், காரம் என்று, மறுநாளும் வாங்குவார். அன்றைக்கு அந்தச் சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, யாருக்கோ ஊற்றிவைத்த காப்பியை எடுத்துக் குடித்தார்.

"மதாம், அது அப்பாவோட கோப்பை," என்றார் ஓக்தாவ்.

"குடிக்கட்டும், விடு," என்றாள் ரோசேலியா. "அவர் கோப்பையில குடிக்காத பொம்பளை யாரு."

டாக்டர் சொன்னார்: "நான் படிக்கிற காலத்துலேருந்து அந்த ஊசி குத்தினவளைப் பாத்துட்டிருக்கேன். நூறு வருஷமா ஒத்தையா இருக்கா. ஜோடி ஒண்ணு எங்கயோ இருக்குன்னு நிரூபிக்கணும்னுதான் வந்தேன். அடுத்த வருஷம் எனக்கு வேலை முடியுது." (கிரியோலில் அவர் சொன்னதும் 'இ' தான். 'இருக்கா' என்று போட்டது என் துணிச்சல். ஊசியில் இருக்கிறவளுக்கு அந்த மரியாதையாவது.)

ரோசேலியா துருவியைக் கீழே வைத்தாள். அம்மா சொன்னது அவளுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது.

"சரி, ஒரு பரிட்சை வெப்போம்," என்றாள். "அம்மா சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அவர் இங்க வந்ததுலேருந்து நான் சாயங்காலம் விளக்கே போடல. வெளியவும் மழை, ஒரு வீட்டு விளக்கும் தெரியல. பாவம், அவர் எங்க போவாரு? இருட்டினதும் கதவைத் திறந்து வெக்கறேன். நீ வாசல்ல உன் விளக்கோட நில்லு. வேத்துப் பொம்பளை கையில விளக்கு. அதுகிட்ட போனா எங்கப்பா. நீ அவரைத் தொடக்கூடாது. போகாம சுவத்துலயே இருந்தா வெறும் பூச்சி. உன் புட்டியில போட்டுட்டுப் போயிடு."

ஐந்து வருடம் துணி கட்டி விளக்கு வைத்தவர் ஓக்தாவ். விளக்கைக் கண்டு வராத பாப்பியோன் உலகத்தில் கிடையாது. இது பரிட்சையே அல்ல. தீர்ப்பு எழுதிவைத்துவிட்டுக் கேட்கிற கேள்வி. டாக்டருக்கும் அது தெரியும். ரோசேலியாவுக்கு? அவள் காவலரின் மனைவி. ஐந்து வருடமாக அந்த வெள்ளைத் துணியைத் துவைத்தவளும் அவள்தான்.

"சம்மதம்," என்றார் டாக்டர்.

7

ஆறரை மணி. மழை விட்டிருந்தது. பழந்தின்னி வௌவால்கள் மலைப்பக்கமிருந்து வர ஆரம்பித்தன. ரோசேலியா கொண்டியை நீக்கி, கதவை விரியத் திறந்து, கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டாள். டாக்டர் நாலடி தள்ளி வாசலில் நின்றார். இடது கையில் திறந்த புட்டி. வலது கையில் விளக்கு. ஓக்தாவ் இருவருக்கும் நடுவில், படியில். அங்கிருந்து பார்த்தபோது அவர் கண்ணுக்கு மட்டும் ஒன்று தெரிந்தது: டாக்டரின் கட்டைவிரல் விளக்கின் விசைமேல் இருந்தது. ஒரு சின்ன அழுத்தம் போதும். விளக்கு போய்விட்டது, பேட்டரி தீர்ந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சுவரில் இருப்பது சுவரிலேயே இருக்கும்.

ஓக்தாவ் அந்த விரலைப் பார்த்தார். பிறகு கதவின்மேல் இருந்த மனைவியின் கையைப் பார்த்தார். இருபத்தேழு வருடம் முன்பு தான் எடுத்துக்கொண்ட கையை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எங்கள் கடைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். வழக்கமாக வாங்கும் மத்தி மீன் டப்பாவை வாங்கவில்லை. இதுவரை சொன்னதெல்லாம் அவர் சொன்னது. மிச்சத்தையும் சொன்னார். ஆனால் கிரியோலில் சொன்னார்.

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) விரல் அழுத்துகிறது. வாசல் இருள்கிறது. டாக்டர் உள்ளே வந்து, சுவரில் புட்டியைக் கவிழ்க்கிறார். அறுத்துப் பார்த்தால் பெண். எல்லோருக்கும் நிம்மதி. மதாம் செல்மீ மட்டும் "நான்தான் சொன்னேனே" என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டிருப்பார். இதை எழுதி முடித்தபோது எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

(ஆ) விரல் அழுத்தவில்லை. விளக்கை நோக்கி வந்து, டாக்டரின் நரைத்த தலையில் அமர்ந்து, அங்கிருந்து காட்டுக்கு. டாக்டர் வெறும் புட்டியோடு படகேறுகிறார். பின்னாலேயே ஓக்தாவ், தொப்பி வாங்க. அழகான முடிவு. அழகுக்கு ஓக்தாவ் மாமியார் வீட்டில் வாடகை கொடுக்கவேண்டும்.

ஓக்தாவ் இப்போது எங்கே இருக்கிறார் என்று என்னிடம் கேட்காதீர்கள். சொன்னால் விரல் என்ன செய்தது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது முடிவுக்கு வரிசைப்படி என்ன எழுத்து போடவேண்டும் என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதைத்தான் உங்களிடம் கொடுக்கப்போகிறேன். கடைசி வாக்கியத்தை நான் வினையின் பாதி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். 'னது' என்று நீங்கள் முடித்தால் அது பூச்சி. டாக்டரின் புட்டி திறந்தே இருக்கிறது, காடு பிழைக்கும், ஓக்தாவின் வேலையும். 'னார்' என்று முடித்தால் ஒருவரும் அவரைத் தொடமுடியாது; ரோசேலியா ஒரு கதவைத் திறந்தவள் ஆகிறாள். 'னாள்' என்று முடிக்க நினைக்கிறவர்கள் முதலில் மதாம் செல்மீயிடம் பேசிவிட்டு வரவும். நான் காவலாளியிடம் தோற்றுவிட்டேன். நீங்கள் வாசலைத் தாண்டுங்கள்.

(இ) சுவரிலிருந்து மெல்ல எழும்பி, காலியான காப்பிக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி, கதவில் இருந்த கையை உரசுவதுபோல் வந்து உரசாமல், ஐந்து காலோடு, காற்புள்ளியோடு, வாசலைத் தாண்டி, விளக்குப் பக்கம் பறந்து போ